வெளிநாட்டுப் பையருடன் தொலைபேசி நேரம் குறிப்பது எப்படி: பின்னலாடை மெர்ச்சண்டைசருக்கான முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருக்கும் பையர் (நம்மிடம் ஆடை வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி) ஒருவர், வெள்ளிக்கிழமை தமது கடிகாரப்படி மாலை நான்கரை மணிக்கு லேப் டிப் (நிற ஒப்புதலுக்காகச் சாயமேற்றி அனுப்பும் சிறு துணி மாதிரி) பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அன்று பேசி ஒப்புதல் வாங்கிவிட்டால் அன்றிரவே சாயப்பட்டறைக்குத் தகவல் போய், சனிக்கிழமை துணி மெஷினில் ஏறிவிடும். நாம் ஒரு மணி நேரம் தவறாகக் கணக்கிட்டு அவருடைய ஐந்தரை மணிக்கு அழைத்தால், அவர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். பிறகு அவரைப் பிடிப்பது திங்கட்கிழமை பிற்பகலில்தான். அதற்குள் சாயப்பட்டறை நமக்கு ஒதுக்கிய மெஷினை வேறொரு பார்ட்டிக்குக் கொடுத்திருக்கும். தவறியது பத்து நிமிடப் பேச்சுதான் என்றாலும், பின்னால் வரும் கட்டிங், தையல், பேக்கிங் எல்லாமே சில நாட்கள் தள்ளிப்போய், கடைசியில் கப்பலில் போகவேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு நம் தலையில் விழக்கூடும்.

திருப்பூர், கரூர் போன்ற ஊர்களில் இருந்துகொண்டு ஐரோப்பா, அமெரிக்கா, வளைகுடா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களின் வாடிக்கையாளர்களுக்கு விற்கும் நிறுவனங்களின் மெர்ச்சண்டைசர்களை (பையரிடம் பேசி ஆர்டரை நடத்திச் செல்பவர்களை) மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மென்பொருள், பம்பு, மசாலா என்று எதைத் தொலைவில் இருந்து விற்பவருக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

அழைப்புக்கு முன், அழைப்பின் காரியம்

நேரம் கேட்பதற்கு முன் அந்த அழைப்பில் எந்த முடிவு வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். நிறத்துக்கு ஒப்புதல், பிட் சாம்பிளில் (அளவு பொருந்துகிறதா என்று பார்க்கத் தைக்கும் மாதிரி ஆடையில்) சொன்ன திருத்தங்களுக்கு விளக்கம், எஃப்ஓபி விலையில் (சரக்கைக் கப்பலில் ஏற்றித் தரும் வரையிலான விலையில்) இறுதிப் பேச்சு, ஷிப்மென்ட் தேதியை ஒரு வாரம் நகர்த்த அனுமதி என்று எதுவாக இருந்தாலும், அந்த ஒரு வரி எழுத வரவில்லை என்றால் அழைப்புத் தேவையில்லை, மின்னஞ்சலே போதும். ஒரு நாளில் பல சப்ளையர்களிடம் பேச வேண்டியிருக்கும் பையருக்கு, "சும்மா பேசலாம்" என்று நேரம் கேட்பவரைவிட, "நேவி ப்ளூ நிறத்தில் ஏ, பி இரண்டில் எது என்று முடிவு செய்யப் பதினைந்து நிமிடம்" என்று கேட்பவருக்கு இடம் கொடுப்பது எளிது.

கையில் பொருளை வைத்துக்கொண்டு பேசவேண்டிய அழைப்பாக இருந்தால், நேரத்தைக் கூரியர் பார்சலோடு கட்டிவைக்க வேண்டும். சாம்பிள் அனுப்பிய நாளிலேயே "வியாழக்கிழமை பேசலாமா" என்று கேட்டுவிட்டு, அந்த வியாழனில் பார்சல் சுங்கத்தில் நிற்பதைப் பார்த்துக் கைபிசைவது நம் தொழிலில் வழக்கமான காட்சி. கூரியரின் கண்காணிப்பு எண்ணில் பார்சல் சேர்ந்துவிட்டதாகக் காட்டிய பிறகு, அதற்கு மறுநாளைக் கேட்பதே சரி. பெரிய நிறுவனங்களில் பார்சல் வரவேற்பறையில் இருந்து பையரின் மேசைக்குப் போய்ச் சேரவே ஒரு நாள் ஆகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அவருடைய கடிகாரத்தைக் கற்பது

கேட்க வேண்டிய முதல் தகவல் பையர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பது அன்று, எந்த நகரத்தில் இருக்கிறார் என்பது. அமெரிக்கா என்ற ஒரு சொல்லுக்குள் பல நேர மண்டலங்கள் இருக்கின்றன. நியூயார்க்கில் காலை ஒன்பது மணி ஆகும்போது லாஸ் ஏஞ்சலிஸில் ஆறு மணிதான். ஆஸ்திரேலியாவில் சிட்னி கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அதற்கு வடக்கே இருக்கும் பிரிஸ்பேன் தள்ளாது. மேலும், பையர் பயணத்தில் இருக்கலாம். லண்டன் அலுவலகத்துக்காரர் அந்த வாரம் டாக்காவில் ஒரு தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், லண்டன் நேரத்தை வைத்து நாம் போட்ட கணக்கு முழுவதும் வீண். ஆகவே, "அன்று நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்கள்" என்ற கேள்வியை முதல் மின்னஞ்சலிலேயே சேர்த்துவிடுவது நல்லது.

இந்திய நேரம் ஒருங்கிணைந்த உலக நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால் இருப்பது. ஆண்டு முழுவதும் மாறாது. நாம் மாறாமல் இருப்பதாலேயே அவர்கள் மாறுவதை மறந்துவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், அக்டோபரின் கடைசி ஞாயிறன்று பின்னே வரும். அமெரிக்காவின் பெரும்பகுதியில் 2007-ஆம் ஆண்டு முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று முன்னே போய், நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே வருகிறது. அரிசோனாவின் பெரும்பகுதியும் ஹவாயும் இதில் சேர்வதில்லை. எனவே ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். லண்டனுக்கு இது நாலரையும் ஐந்தரையும். நியூயார்க்குக்கு ஒன்பதரையும் பத்தரையும்.

இதில் மார்ச் மாற்றமும் இலையுதிர்கால மாற்றமும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. நியூயார்க் பையருடன் வாரந்தோறும் அவருடைய காலை ஒன்பது மணிக்குப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் அது நமக்கு இரவு 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறுக்குப் பிறகு அதே ஒன்பது மணி நமக்கு மாலை 6.30 ஆகிவிடுகிறது. பழக்கத்தில் ஏழரைக்கு அழைத்தால் அவர் ஒரு மணி நேரம் காத்திருந்து வேறு வேலைக்குப் போயிருப்பார். நவம்பரில் இதுவே தலைகீழ்: நாம் ஆறரைக்கே அழைத்துவிடுவோம், அவர் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருப்பார். நவம்பரில் தவறினால் நாம் காத்திருக்கிறோம். மார்ச்சில் தவறினால் வாடிக்கையாளரைக் காக்கவைக்கிறோம். இதனால் நான் மார்ச் மாற்ற நாட்களை மட்டும் மேசைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைப்பேன். 2026-ஆம் ஆண்டில் அவை அமெரிக்காவுக்கு மார்ச் 8, ஐரோப்பாவுக்கு மார்ச் 29. இந்த இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட மூன்று வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் உள்ள இடைவெளி வழக்கமான ஐந்து மணி நேரத்தில் இருந்து நான்காகக் குறைந்துவிடும். இரு நகரங்களில் இருந்தும் ஆட்கள் சேரும் அழைப்பு அந்த வாரங்களில் இருந்தால், ஒவ்வொருவரின் நேரத்தையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

சிட்னி இதற்கு நேரெதிர்த் திசையில் நகரும். அக்டோபர் முதல் ஞாயிறன்று அங்கே கோடை நேரம் தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறன்று முடிகிறது. நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருப்பது அந்த மாதங்களில் ஐந்தரை ஆகும். துபாயும் சிங்கப்பூரும் மாறுவதே இல்லை; முன்னது நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், பின்னது இரண்டரை மணி நேரம் முன்னால்.

இவற்றை ஒரு நாளின் வரிசையாக அடுக்கிக்கொண்டால் வேலை இலகுவாகும். காலை ஒன்பதரை முதல் பதினொன்று வரை சிட்னிக்கும் தோக்கியோவுக்கும் ஒதுக்கலாம். அதற்கு மேல் போனால் சிட்னியில் மாலையாகிவிடும். பதினொன்று முதல் ஒன்றரை வரை வளைகுடா நாடுகள். இரண்டு மணிக்கு மேல் ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து. மூன்று மணிக்கு மேல் பிரிட்டன். ஆறரை அல்லது ஏழரைக்கு மேல் அமெரிக்காவின் கிழக்குக் கரை. மேற்குக் கரைதான் சங்கடம். அங்கே காலை ஒன்பது என்றால் நமக்கு இரவு ஒன்பதரையோ பத்தரையோ ஆகிவிடும். அவர்களுடைய மாலை ஆறு மணியைக் கேட்டால் நமக்கு மறுநாள் காலை ஆறரை அல்லது ஏழரை. இந்த இரண்டில் எது தமக்கு ஏற்றது என்பதைப் பையரே சொல்லட்டும். ஆனால் காலை அழைப்பு என்றால் நம் தேதி அவருடைய தேதியைவிட ஒரு நாள் கூடுதலாக இருக்கும் என்பதை மறக்கக்கூடாது.

நம் பக்கத்துக் கடிகாரமும் ஒன்று இருக்கிறது. விலையும் தேதியும் பற்றிப் பேசும்போது உடனே கேட்டுச் சொல்ல உற்பத்தி மேலாளரோ தையல் தள மேற்பார்வையாளரோ அருகில் இருக்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாட்களில் அவர்கள் இரவு வரை இருப்பார்கள், மற்ற நாட்களில் மாலையிலேயே கிளம்பிவிடுவார்கள். அமெரிக்க அழைப்பைக் குறிக்கும் முன் அன்று யார் இருப்பார் என்று கேட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த நாள் கூடாது

ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரி முதல் அரசு அலுவலகங்களின் வார விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றி, வெள்ளியை அரை நாளாக்கியது. சவூதி அரேபியாவில் இன்றும் வெள்ளி, சனிதான் விடுமுறை. ரியாத் வாடிக்கையாளருக்கு ஞாயிற்றுக்கிழமை வாரத்தின் முதல் வேலைநாள். அன்று நாம் தொலைபேசியை அணைத்துவைத்தால் அவருக்கு விந்தையாக இருக்கும். இத்தாலியிலும் பிரான்ஸிலும் ஆகஸ்ட் மாதத்தில், குறிப்பாக 15-ஆம் தேதியை ஒட்டிய வாரங்களில், முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர்களைப் பிடிப்பது அரிது. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழனும் (நன்றி நவிலல் நாள்) அதற்கு மறுநாளும் போனவை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரத்தில் ஒப்புதல் கேட்பது கிணற்றில் கல்லைப் போடுவதுபோல.

நம் விடுமுறையை அவர்களுக்குச் சொல்வதிலும் நாம் தாராளமாக இருப்பதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் வரை தளம் முழுமையாக ஓடாது என்பது நமக்குத் தெரியும், பையருக்குத் தெரியாது. குறைந்தது ஒரு மாதம் முன்பே அந்த நாட்களைக் குறிப்பிட்டு எழுதிவிட்டால், அவர் அழைப்பையும் ஒப்புதலையும் அதற்கு முன்னால் கொண்டுவந்து வைப்பார்.

நேரத்தைக் கேட்கும் முறை

"உங்களுக்கு எப்போது வசதி" என்று திறந்த கேள்வியாகக் கேட்பது பணிவாகத் தோன்றினாலும், பையர் தமது நாட்காட்டியைத் திறந்து, நம் நேரத்தைக் கணக்கிட்டு, பதில் எழுத வேண்டிய வேலை முழுவதையும் அவர்மேல் சுமத்துகிறது. மூன்று நேரங்களை நாமே சொல்லி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே நல்லது. அந்த மூன்றும் ஒரே நாளில் இல்லாமல் இரண்டு நாட்களிலாவது பரவியிருக்க வேண்டும். ஒன்று அவருடைய முற்பகலிலும் மற்றொன்று பிற்பகலிலும் இருப்பது இன்னும் நல்லது. நேரத்தை எழுதும்போது அவருடைய நகரத்தின் நேரம் முதலில் வர வேண்டும், நம்முடையது பின்னால். மின்னஞ்சலின் உள்ளடக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"உங்களுக்கு அனுப்பிய பிட் சாம்பிள் நேற்றுச் சேர்ந்துவிட்டதாகக் கூரியர் காட்டுகிறது. கழுத்துப் பட்டியின் அகலத்தை முடிவு செய்ய இருபது நிமிடம் பேச விரும்புகிறேன். ஜூன் 9, செவ்வாய், ஹாம்பர்க் நேரம் 10.30 (இந்திய நேரம் 14.00), ஜூன் 9, செவ்வாய், ஹாம்பர்க் நேரம் 15.00 (இந்திய நேரம் 18.30), ஜூன் 10, புதன், ஹாம்பர்க் நேரம் 11.00 (இந்திய நேரம் 14.30). இவற்றில் ஒன்றைச் சொன்னால் அழைப்பிதழ் அனுப்புகிறேன். உங்கள் எண்ணுக்கு நானே அழைக்கிறேன்."

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் உண்டு. மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதியிருப்பது, 05/06 என்பதை நாம் ஜூன் 5 என்றும் அமெரிக்கர் மே 6 என்றும் படிப்பதால். கிழமையையும் சேர்த்திருப்பது, தேதி தவறினாலும் கிழமை காட்டிக்கொடுக்கும் என்பதால். "அடுத்த வெள்ளி" என்ற சொல்லை அறவே தவிர்க்க வேண்டும். வருகிற வெள்ளியா, அதற்கடுத்ததா என்பதில் ஒரே அலுவலகத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கும். ஐஎஸ்டி என்ற சுருக்கம் நமக்கு இந்திய நேரம், அயர்லாந்துக்காரருக்கு அவருடைய கோடை நேரம், இஸ்ரேலியருக்கு அவருடைய நேரம். சிஎஸ்டி என்பது சிகாகோ நேரமாகவும் சீன நேரமாகவும் இருக்கலாம். நகரத்தின் பெயரை எழுதினால் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.

ஐரோப்பாவுக்கு 24 மணி நேர முறையே வசதியானது. அமெரிக்கர்களுக்கு அது அந்நியம்; அவர்களுக்குக் காலை, மாலை என்று குறித்தே எழுத வேண்டும். பன்னிரண்டு மணியை மட்டும் யாருக்கும் வெறும் எண்ணாக எழுதாமல், நண்பகல் என்று சொல்லால் எழுதுவது நலம்.

பேச்சில் குறிக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். பிரிட்டிஷ்காரர் "ஹாஃப் ஃபைவ்" என்றால் ஐந்தரை. ஜெர்மானியர் தம் மொழியில் "ஹால்ப் ஃபுன்ஃப்" என்பது நாலரை. ஆங்கிலம் பேசும்போதும் சில ஜெர்மானியர்கள் தம் மொழிப் பழக்கத்தில் நாலரையை மனத்தில் வைத்தே அப்படிச் சொல்லிவிடுவார்கள். வட இந்திய வாடிக்கையாளரிடம் இந்தியில் பேசினால் "கல்" என்பது நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். நாம் இந்தியாவில் சரளமாகப் பயன்படுத்தும் "பிரிபோன்" என்ற சொல் வெளிநாட்டவர் பலருக்குப் புரியாது. நேரத்தை முன்னுக்குக் கொண்டுவரலாமா என்று விரித்தே கேட்க வேண்டும். வாய்மொழியாக முடிவானது எதுவானாலும், அரை மணி நேரத்துக்குள் எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.

அழைப்பிதழை உருவாக்குவது

பையர் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்ததும் கூகுள் காலண்டரிலோ அவுட்லுக்கிலோ அழைப்பிதழ் உருவாக்கி அனுப்ப வேண்டும். அது அவருடைய நாட்காட்டியில் அவருடைய நேரத்தில் தானாகவே தோன்றும் என்பதால், கணக்குப் பிழை இங்கே வெளிப்பட்டுவிடும். ஒரு முறை மட்டும் நடக்கும் அழைப்புக்கு எந்த நேர மண்டலத்தில் உருவாக்கினாலும் விளைவு ஒன்றுதான். வாராந்தர அழைப்புக்கு அப்படியன்று. இந்திய நேர மண்டலத்தில் உருவாக்கினால், கோடை நேரம் மாறும் நாளில் நம் நேரம் அப்படியே இருக்க, பையரின் நாட்காட்டியில் அழைப்பு ஒரு மணி நேரம் நகர்ந்து, அவருடைய வேறொரு கூட்டத்தின்மேல் போய் உட்காரும். ஆகவே வாராந்தர அழைப்பிதழை அவருடைய நகரத்தின் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுத்தே உருவாக்க வேண்டும். நகர்வது நம் பக்கமாகவே இருக்கட்டும்.

தலைப்பில் "பையர் கால்" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அவருடைய நாட்காட்டியில் அது பொருளற்ற சொல். நம் நிறுவனத்தின் பெயர், ஸ்டைல் எண் (அந்த ஆடை வடிவமைப்பின் எண்), முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஆகிய மூன்றும் தலைப்பில் இருந்தால் போதும். உள்ளே யார் யாரை அழைப்பது, எந்த எண்ணில், எவ்வளவு நேரம், கையில் எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பவற்றை எழுத வேண்டும். இரு பக்கமும் மற்றவர் அழைப்பார் என்று காத்திருந்து முடிந்த அழைப்புகள் எத்தனையோ. விற்பவர் அழைப்பதே முறை.

எண்ணை எப்போதும் கூட்டல் குறி, நாட்டுக் குறியீடு ஆகியவற்றோடு எழுத வேண்டும். திருப்பூரின் 0421 வெளிநாட்டில் இருந்து அழைக்கும்போது +91 421 ஆகும்; முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்துவிடும். பிரிட்டிஷ் எண்களிலும் அப்படியே. இத்தாலியின் தரைவழி எண்களில் மட்டும் அந்தப் பூஜ்யத்தைச் சேர்த்தே அழுத்த வேண்டும். வாட்ஸ்அப் குரல் அழைப்பை நம்பியிருந்தால், அமீரகத்தில் அதற்கு நெடுங்காலமாகக் கட்டுப்பாடு இருப்பதால், அங்குள்ளவரிடம் வேறு எந்த வழி வசதி என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

நம் காலியான நேரங்களைக் காட்டி வாடிக்கையாளரையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும் காலண்ட்லி போன்ற முன்பதிவு இணைப்புகளைப் பற்றியும் ஒரு சொல். பல சிறிய வாடிக்கையாளர்களைக் கையாள்பவருக்கு அவை பெரும் உதவி. ஆனால் பெரிய பையருக்கு அந்த இணைப்பை அனுப்புவது, வந்தவரை வரிசையில் நிற்கச் சொல்வதுபோலத் தோன்றலாம். அவருக்கு மூன்று நேரங்களை எழுதிக் கேட்பதையே நான் விரும்புகிறேன்.

புதியவரை அழைப்பது, பதிவு செய்வது

முன்பின் தொடர்பில்லாத நிறுவனத்தைத் திடீரென்று அழைப்பது எல்லா நாட்டிலும் ஒன்றுபோல ஏற்கப்படுவதில்லை. ஜெர்மனியில் நிறுவனங்களை விற்பனைக்காக அழைக்கவும் அவர்கள் அதை விரும்புவார்கள் என்று கருத நியாயமான அடிப்படை இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே மின்னஞ்சலில் அறிமுகமாகி, நேரம் கேட்டு, பிறகு பேசுவதே பாதுகாப்பு. உரையாடலைப் பதிவு செய்வதில் இன்னும் எச்சரிக்கை தேவை. ஜெர்மனியில் மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாமல் பேச்சைப் பதிவு செய்வது குற்றவியல் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி குற்றம். கலிபோர்னியாவிலும் பேசும் அனைவரின் சம்மதமும் வேண்டும். குறிப்பெடுக்க ஒரு சக ஊழியரை உடன் உட்காரவைத்து, அவர் இருப்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது எளிய வழி.

நினைவூட்டலும் அந்தப் பத்து நிமிடங்களும்

நினைவூட்டல் முந்தைய வேலைநாளில், அவர் அலுவலகத்தில் இருக்கும் நேரத்தில் போய்ச் சேர வேண்டும். திங்கட்கிழமை அழைப்புக்கு வெள்ளியன்றே அனுப்ப வேண்டும். ஞாயிறு இரவு அனுப்பினால் திங்கள் காலை வரும் மின்னஞ்சல் வெள்ளத்தில் அது மூழ்கிவிடும். இரண்டு வரி போதும்: நேரம், விஷயம். அதோடு பேசவேண்டிய படத்தையோ அளவுப் பட்டியலையோ இணைத்து அனுப்பினால், நினைவூட்டல் தொந்தரவாகத் தெரியாமல் பயனுள்ளதாகிவிடும்.

அழைப்புக்குப் பத்து நிமிடம் முன்பு நிட்டிங் மெஷின், கம்ப்ரஸர் சத்தம் கேட்காத அறைக்குப் போய், கதவை மூடி, அதே சாம்பிளின் நகலை மேசையில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த நகலை மறந்துவிட்டு, பையர் அங்கே தோள்பட்டைத் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டு பேச, நான் இங்கே நினைவில் இருந்து பதில் சொல்லி மாட்டிக்கொண்ட நாள் ஒன்று உண்டு. அன்று ஒப்புக்கொண்ட அரை அங்குலத்துக்கு மாஸ்டரிடம் ஒரு வாரம் திட்டு வாங்கினேன்.

பையர் எடுக்கவில்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை, அதோடு நிறுத்த வேண்டும். அடுத்தடுத்து ஆறு முறை அழைப்பது, அவர் கூட்டத்தில் மாட்டியிருந்தால் எரிச்சலையே தரும். இரண்டாவது முயற்சிக்குப் பிறகு, "10.30-க்கும் 10.35-க்கும் அழைத்தேன், இன்று உங்கள் நேரம் 14.00-க்கோ நாளை 11.00-க்கோ மீண்டும் அழைக்கட்டுமா" என்று எழுத வேண்டும். குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், அழைத்ததற்கான பதிவும் மாற்று நேரமும் அதில் இருக்கின்றன. ஒப்புதல் தாமதமானதால் ஷிப்மென்ட் தள்ளிப்போனது என்ற பேச்சு பின்னால் எழும்போது, இந்த ஒரு வரி மின்னஞ்சல் நமக்குத் துணை நிற்கும். அதே காரணத்துக்காக, எந்த நாளுக்குள் பதில் வந்தால் தேதி காப்பாற்றப்படும் என்பதையும் அதில் சேர்ப்பது நல்லது.

நம்மால் முடியாமல் போனால், எவ்வளவு முன்னதாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு முன்னதாகச் சொல்லி, அதே மூச்சில் இரண்டு மாற்று நேரங்களைக் கொடுத்து, பழைய அழைப்பிதழையே திருத்த வேண்டும். பழையதை நீக்காமல் புதியதை அனுப்பினால் அவருடைய நாட்காட்டியில் இரண்டும் நிற்கும். எது உண்மை என்று அவர் கேட்டு எழுதுவார், அல்லது கேட்காமலே பழைய நேரத்தில் காத்திருப்பார்.

பேச்சு முடியும் தறுவாயில், தொலைபேசியை வைக்கும் முன்பே, அடுத்த அழைப்புக்கு நாளும் நேரமும் கேட்டுவிட வேண்டும்; அவருடைய நாட்காட்டி அப்போது திறந்தே இருக்கும், ஆகவே ஒரு நிமிடத்தில் முடியும். பிறகு அன்றே முடிவான அளவு, நிறம், தேதி ஆகியவற்றை எழுதி அனுப்பும் மின்னஞ்சலின் கடைசி வரியாக அந்த அடுத்த நேரத்தையும், அவருடைய நகரத்தின் பெயரோடு, சேர்த்துவிடலாம்.